வெள்ளைக் குவியலில் கிடந்த துண்டு

சோனகதெரு,
யாழ்ப்பாணம்.
10.02.2026

அன்பு மகள் றிஹானாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். இந்தக் கடிதம் எழுதும் நேரம் வரைக்கும் அல்லாஹ் எனக்கும் உன் உம்மாவுக்கும் ஒரு குறையும் வைக்கவில்லை, உம்மாவின் முழங்கால் வீக்கத்தைத் தவிர, அதுவும் எண்ணெய் போட்டு வற்றி வருகிறது. நீயும் மருமகன் நிஸாமும் பிள்ளைகள் இரண்டும் அந்த லெஸ்டர் குளிருக்குள் நெஞ்சில் சளி கட்டாமல் சுகமாக இருக்க வேண்டும் என்று ஒவ்வொரு தொழுகைக்குப் பிறகும் கேட்கிறோம். இந்த வருடம் மாரி நன்றாகப் பெய்து கிணறு அரைக்கு மேல் நிற்கிறது, தண்ணீரில் உவரும் குறைவு. பின்வளவு மதில் ஒரு பக்கம் சாய்ந்தது, நானே முண்டு கொடுத்து நிறுத்தியிருக்கிறேன், மேசனைக் கூப்பிடச் சொல்லி நீ எழுத வேண்டாம். ஒழுங்கை வடிகாலுக்காக நான் எழுதிய கடிதங்களுக்கு இன்னும் பதில் வரவில்லை, நானும் எழுதுவதை விடவில்லை.

நீ சனிக்கிழமை டெலிபோனில் அழுததும் கோபித்ததும் எனக்கு விளங்காமல் இல்லை. நிஸாமின் மூத்த சகோதரர் அனுப்பிய வீடியோவில், முற்றவெளி மேடையில் நான் மைக்கைப் பிடித்துக்கொண்டு பிழை என்னுடையது என்று சொல்வதைப் பார்த்து அங்கே சொந்தக்காரர் எல்லாரும் சிரிக்கிறார்கள் என்றாய். "வயசு போன காலத்திலை ஏன் வாப்பா ஊருக்கு முன்னாலை எங்கடை மானத்தை வித்தனீங்கள், பேசாமல் புத்தளத்திலை இஹ்ஸான் நானாவோடை போய் இருங்கோ" என்றாய். டெலிபோனில் நான் ஒரு சொல் சொல்வதற்குள் நீ நாலு சொல் சொல்கிறாய், அதனால்தான் எழுதுகிறேன், கடிதத்தை நடுவில் மறிக்க ஏலாது. முழுவதையும் வாசித்துவிட்டு அதற்குப் பிறகு கோபி.

இங்கே ஊரவர்கள் ஒரு குழுவாகக் கூடிப் பத்து நாள் கண்ணாடி விழா நடத்தினார்கள். ஆறு நாட்டிலிருந்து கண்ணாடி ஊதுகிறவர்கள் வந்தார்கள். முதலில் எனக்குப் பிடிக்கவில்லை, எங்கள் ஒழுங்கையில் வெள்ளம் வடிய வழியில்லை, இவர்கள் கண்ணாடியை ஊதிப் பார்க்கிறார்களாம் என்று உம்மாவிடம் சொன்னேன். ஆனால் மகள், கண்ணால் கண்டதை இல்லையென்று சொல்லுகிறவன் நான் இல்லை. சந்தை வாசலில் கண்ணாடியால் செய்த கத்தரிக்காய், பாகற்காய், முருங்கைக்காய் எல்லாம் கடகத்தில் குவித்து வைத்திருந்தார்கள். ஒரு மனுசி முற்றலா பிஞ்சா என்று பார்க்க முருங்கைக்காயை எடுத்து முறுக்கப் போய்விட்டாள், காவலுக்கு நின்றவர் கத்திய கத்தலில் சந்தையே திரும்பிப் பார்த்தது. கோட்டைப் பக்கமாக, கயிற்றில் கண்ணாடித் திருக்கை மீன்கள் நூறு தொங்கின. காற்றடிக்க அவற்றின் நிழல் நிலத்தில் நீந்தியது, நான் கால் வைக்கப் பயந்து சுற்றிப் போனேன். இருபது வயதில் தொடங்கி இன்றுவரை பழைய போத்தல் வாங்கி விற்கிறவன் நான். புத்தளத்தில் அகதியாக இருந்த காலத்திலும் அதைத்தான் செய்தேன். நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் எழுத்துக் கூட்டப் பழகியதே மருந்துப் போத்தல் லேபிளில்தான். கண்ணாடியைப் பற்றி எனக்குத் தெரியாதது ஒன்றும் இல்லை என்றுதான் நினைத்திருந்தேன். விழாவுக்காக முற்றவெளித் திடலில் கட்டிய உலையின் கதவைத் திறந்தபோது எனக்கு ஒன்றுமே தெரியாது என்று கண்டுகொண்டேன். உள்ளே இருந்தது கண்ணாடி மாதிரியே இல்லை. பனங்கட்டி காய்ச்சும்போது பாணி கொதித்து ஒரு பதத்துக்கு வருமே, அந்தப் பதத்தில், ஆனால் பார்க்கக் கண் கூசும் வெளிச்சத்தோடு கிடந்தது. நீளமான இரும்புக் குழாயை அதற்குள் விட்டுச் சுழற்றி எடுத்தார்கள். நுனியில் ஒரு தேன் உருண்டை. குழாயில் வாய் வைத்து மெல்ல ஊத அது மூச்சு வாங்கியது. சுப்ஹானல்லாஹ் என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டேன், பக்கத்தில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

அந்த உலைக்குச் சொந்தக்காரி வினோஜா என்ற பிள்ளை. கைதடிப் பக்கம், செக் நாட்டில் இந்த வேலையைப் படித்துவிட்டு வந்தவள், உன்னைவிட இரண்டு மூன்று வயது இளையவளாக இருப்பாள். யாழ்ப்பாணத்துக் குப்பையில் போகும் போத்தல்களை மட்டும் உருக்கி, ஆள் கட்டிப்பிடிக்கிற அளவில் ஒரு பெரிய கண்ணாடி உருண்டை ஊதுவது, அதைக் கடைசி நாள் எல்லாருக்கும் காட்டுவது, இதுதான் அவள் திட்டம். போத்தல் கொடுத்தது இரண்டு பேர். ஒன்று நான். மற்றது குருநகர் ஜெரிசன், வயது முப்பத்திநாலு, வலையில் ஏறுகிறதும் கரையில் ஒதுங்குகிறதுமான போத்தல்களைக் கழுவிக் கொண்டுவருவான். வள்ளத்தில் துடுப்புப் பிடித்த கை ஒரே சீராகச் சுழலும் என்று சொல்லி, உருக்கிய கண்ணாடி எடுத்த இரும்புக் குழாயைச் சுழற்றவும் வினோஜா அவனையே பிடித்துக்கொண்டாள். விழா முடிந்த பிறகு காங்கேசன்துறையில் அவள் தொடங்கும் பட்டறையில் அவனுக்கு நிரந்தர வேலை என்றும் பேச்சு.

மூன்றாம் நாள் உருண்டையை ஊதி, ஆறவைக்கிற அடுப்புக்குள் வைத்து, நாலாம் நாள் காலை திறந்தார்கள். உருண்டை மூன்றாகப் பிளந்து கிடந்தது. பிளந்த விளிம்பில் பொரி அளவில் கரையாத கட்டிகள். வினோஜா கையுறையைக் கழற்றிக்கொண்டு அந்தத் துண்டுகளையே பார்த்தபடி நின்றாள். போத்தலில்தான் ஏதோ கோளாறு என்று யாரோ சொல்ல, எல்லாக் கண்ணும் என் பக்கம் திரும்பியது. அப்போது நான் சொன்னதை உனக்கும் எழுதத்தான் வேண்டும். விழாக் குழுச் செயலாளர் சோமசேகரம் இருந்தார், பத்திரிகைக்காரர் இருந்தார், நாற்பது ஐம்பது பேர் சுற்றி நின்றார்கள். நான் குரலை உயர்த்தி, "கடலுக்கை கிடந்த போத்தலிலை உப்பு ஊறியிருக்கும், இது குருநகர் ஆக்களின்ரை வேலை" என்றேன். ஜெரிசன் சிரித்தான். "நானா, உப்பு கண்ணாடிக்கை ஊறுமெண்டால் உங்கடை சோடாப் போத்தலுக்கை சோடாவும் ஊறியிருக்க வேணுமே" என்றான். எல்லாரும் சிரித்தார்கள். எனக்குக் கோபம் உச்சந்தலை வரை ஏறிவிட்டது. "நீ பிறக்கிறதுக்கு முதலே போத்தல் எடுத்தவன் நான், எனக்குப் படிப்பிக்க வந்திட்டாய்" என்று தொடங்கி, குருநகரில் கள்ள நிறை வைத்து மீன் விற்கிற கதை வரைக்கும் போய்விட்டேன். அவன் முகத்தில் சிரிப்பு நின்றுவிட்டது. சோமசேகரம் அவனைத் தனியே கூப்பிட்டு, "தம்பி, பிரச்சினை வேண்டாம், நாளையிலையிருந்து நீர் வராதையும்" என்றார். அவன் தலையில் கட்டியிருந்த துணியை அவிழ்த்தான். குழாயைச் சுவரில் சாத்திவிட்டுச் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனான். நான் வென்றுவிட்டேன் என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்து இரண்டு கோப்பை பிளேன்டீ குடித்தேன்.

ஆறாம் நாள், ஜெரிசனின் போத்தல் ஒன்றுகூட இல்லாமல், என்னுடையதை மட்டும் உருக்கி இன்னொரு உருண்டை ஊதினாள். ஏழாம் நாள் திறந்தால் அதுவும் வெடிப்பு. இந்த முறை வினோஜா என்னை மட்டும் கூப்பிட்டு ஒரு வேலை செய்தாள். கறுப்புத் தகடு இரண்டு எடுத்தாள், வெயில் கண்ணாடியின் கறுப்பு மாதிரி. ஒன்றை நேராகவும் மற்றதைக் குறுக்காகவும் பிடித்தால் வெளிச்சம் வராது, ஒரே இருட்டு. அந்த இருட்டுக்கு நடுவில் உடைந்த துண்டை வைத்தாள். மகள், வெறும் வெள்ளைக் கண்ணாடி அது. அதற்குள் நீலமும் மஞ்சளும் ஊதாவுமாக, ஒவ்வொரு கட்டியையும் சுற்றி ஒரு வளையம். மயில் தோகையில் இருக்கிற கண் மாதிரி. நான் தகடுகளை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன், கண்ணாடியில் ஒரு நிறமும் இல்லை, நடுவில் வைத்தால் திரும்ப வந்துவிடுகிறது. "ஐயா, இது ரெண்டு சாதிக் கண்ணாடி. ஆறேக்கை ஒண்டு கூடச் சுருங்கும், மற்றது குறையச் சுருங்கும். ஒண்டை ஒண்டு இழுத்துக்கொண்டு நிக்குது. அந்த இழுவைதான் இப்பிடி நிறமாத் தெரியுது. கடைசியிலை தாங்கேலாமல் வெடிக்குது" என்றாள். நான் துண்டை இன்னொருமுறை கையில் வாங்கினேன். இத்தனை வருடம் கையில் வைத்திருந்த பொருளுக்குள் இப்படி ஒரு இழுவை இருக்கிறது, அது கண்ணுக்கும் தெரிகிறது. அவள் என்னைக் குற்றம் சொல்லவில்லை. "உங்கடை குவியலுக்கை வேறை என்ன கிடக்குதெண்டு ஒருக்காப் பாருங்கோ" என்று மட்டும் சொன்னாள்.

எங்கள் தொழிலில் தரம் பிரிப்பது நிறத்தை வைத்துத்தான். பச்சை பச்சையோடு, மண்ணிறம் மண்ணிறத்தோடு, வெள்ளை வெள்ளையோடு. கொழும்பில் எடுக்கிறவர்களும் அதைத்தான் கேட்பார்கள். வேறு விதமாகப் பிரிக்க ஒருவரும் எனக்குச் சொல்லவில்லை, நானும் யாரிடமும் கேட்கிறவன் இல்லை. எட்டாம் நாள் சுபஹு தொழுதுவிட்டு வந்து வளவில் மிச்சமிருந்த வெள்ளைச் சாக்குகளைக் கொட்டினேன். மூன்றாவது சாக்கில் ஒரு துண்டு கிடைத்தது. கை அகலம், மெல்லியது, அதில் சிறு சிறு கோடும் பக்கத்தில் இலக்கமும். போன வருடம் ஒரு பள்ளிக்கூட விஞ்ஞான அறையைத் துப்புரவாக்கினார்கள், அங்கே உடைந்த அளவுக் குவளைகளை நான்தான் சாக்கோடு வாங்கினேன். நெருப்பில் வைத்தாலும் வெடிக்காத கண்ணாடி. வெள்ளைதானே என்று உடைத்து வெள்ளைக்குள் போட்டேன். றிஹானா, அந்த நேரம் வளவில் என்னைத் தவிர ஒரு குருவியும் இல்லை. துண்டைக் கிணற்றுக்குள் போட்டிருந்தால் அந்தக் கதை அதோடு முடிந்திருக்கும். உப்பு ஊறிய போத்தல் என்று ஊர் இன்னும் பத்து வருடம் சொல்லிக்கொண்டிருக்கும். நான் அதை நினைக்கவில்லை என்று உனக்குப் பொய் எழுத மாட்டேன், நினைத்தேன். அந்த நேரம் உன் உம்மா குசினி வாசலில் நின்று, "என்ன, உங்களிலை பிழை கண்டுபிடிச்ச ஆள் கடைசியாப் பிறந்திட்டாரோ, கையிலை என்ன" என்று கேட்டாள். காட்டினேன். அவள் உள்ளே போய், வெளியே போகும்போது போடுகிற என் சேட்டை எடுத்துக்கொண்டு வந்து கையில் தந்தாள்.

முதலில் வினோஜாவிடம் போனேன். அவள் துண்டை வாங்கிப் பார்த்துத் தலையை ஆட்டி, "எனக்குச் சொன்னது காணும் ஐயா, ஜெரிசனிட்டைச் சொல்லுங்கோ" என்றாள். பகல் பதினொரு மணி இருக்கும், குருநகருக்கு நடந்தேன். கோயிலுக்குப் பின்னால் அவன் வீடு. வாசலில் அவன் மனைவி மீன் வெட்டிக்கொண்டிருந்தாள், நிமிர்ந்து பார்த்து, "ஆரது, உப்பு நானாவோ" என்றாள். அந்தத் தெருவில் எனக்கு அந்தப் பெயர் வைத்துவிட்டார்கள் என்று அப்போதுதான் தெரியும். ஜெரிசன் வெளியே வந்தான். நான் நின்றபடி துண்டைக் காட்டி எல்லாவற்றையும் சொன்னேன். உன்னில் பிழையில்லை, என்னில்தான் பிழை என்றேன். அவன் என்னை இருக்கச் சொல்லவில்லை. "சரி நானா, இப்ப எனக்குத் தெரியும், உங்களுக்குத் தெரியும். ஆனால் என்ரை மாமனாருக்கு என்ன தெரியும், சந்தையிலை என்னைக் கண்டு சிரிக்கிறவனுக்கு என்ன தெரியும். நீங்கள் என்னை மட்டுமோ சொன்னனீங்கள், எங்கடை ஊரையெல்லே சொன்னனீங்கள். சொன்ன இடத்திலை நிண்டு, சொன்ன ஆக்களுக்கு முன்னாலை சொல்லுங்கோ" என்றான். சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டான்.

என்னை விட இளையவன் எவனும் என்னை அப்படி ஏவி நான் கேட்டதில்லை. ஆனால் குருநகரிலிருந்து சோனகதெரு வரை நடந்து வரும்போது எனக்குக் கோபம் வரவில்லை. தொண்ணூறாம் ஆண்டு உனக்கு நாலு வயது, நினைவிருக்காது. முஸ்லிம்கள் எல்லாரும் ஊரை விட்டுப் போக வேண்டும் என்று இயக்கம் சொன்னது ஒலிபெருக்கியில். வாகனத்தில் கட்டித் தெருத் தெருவாகச் சொன்னார்கள். இரண்டு மணித்தியாலம். எந்தத் தனி ஆள் என்ன செய்தான் என்று சொல்லவில்லை, எங்கள் எல்லாரையும் சேர்த்துச் சொன்னார்கள். உன்னை நான் தோளில் தூக்கினேன், உம்மா உனக்கு மூத்தவன் இஹ்ஸானைப் பிடித்தாள், வளவில் குவியல்கள் அப்படியே கிடந்தன. திரும்பி வந்த பிறகு எத்தனையோ பேர், நல்ல மனிதர்கள், என் தோளில் கை வைத்து அது பெரிய பிழை நானா என்று சொல்லியிருக்கிறார்கள். எல்லாரும் வீட்டுக்குள் வைத்துத்தான் சொன்னார்கள், குரலைக் குறைத்துத்தான் சொன்னார்கள். ஒலிபெருக்கியில் சொன்னதை ஒலிபெருக்கியில் மறுத்து எவரும் இந்தத் தெரு வழியாக வந்ததை நான் காணவில்லை, முப்பத்தைந்து வருடமாக அந்தக் குறை எனக்கு இருக்கிறது. அப்படிப்பட்ட நான் ஜெரிசனின் வாசலில் குரலைக் குறைத்துச் சொல்லிவிட்டு வரப் பார்த்தேன். அவன் விடவில்லை. அவன் செய்தது சரி.

கடைசி நாளுக்கு முன் மிச்சமிருந்த இரண்டு நாளும் நானும் உம்மாவும் வளவில் இருந்து போத்தல்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பிரித்தோம், முழுச் சோடாப் போத்தலும் ஜாம் போத்தலும் மட்டும், என்னவென்று தெரியாத துண்டு ஒன்றுகூட இல்லாமல். ஜெரிசனின் போத்தல்களையும் சேர்த்தே உலையில் போட்டார்கள். கடைசி நாள் பின்னேரம் நான் மேடைக்கு ஏறினேன். சோமசேகரம் கையைப் பிடித்து, "ஹமீத் நானா, விடுங்கோ, சின்ன விசயம், விருந்தினர் இருக்கினம்" என்றார். "சொன்ன அண்டைக்கு இது சின்ன விசயமா இருக்கேல்லையே" என்று கேட்டு மைக்கை வாங்கினேன். நீ பார்த்த வீடியோ நடுவில்தான் தொடங்குகிறது. முதலில் துண்டைத் தூக்கிக் காட்டினேன். உடைந்தது என் சாக்கால், ஜெரிசனின் போத்தலால் இல்லை, குருநகர் ஆட்களைப் பற்றி நான் சொன்னது பொய், அறியாமல் சொன்ன பொய் என்றாலும் பொய், என்று சொன்னேன். சிலர் சிரித்தார்கள், உண்மைதான். என் குரல் நடுங்கியது, அதுவும் உண்மைதான். ஜெரிசன் கூட்டத்துக்குப் பின்னால் நின்றான். கை தட்டவில்லை, கிட்டவும் வரவில்லை. நான் இறங்கியதும் நேரே உலைக்குப் போய், தலையில் துணியைக் கட்டிக்கொண்டு குழாயைக் கையில் எடுத்தான்.

அதற்குப் பிறகு நடந்ததை எப்படி எழுதுவது. போத்தல் கண்ணாடி கெதியில் இறுகிவிடுமாம், அதனால் நிற்க நேரமில்லை. ஜெரிசன் சுழற்ற, வினோஜா ஊதினாள், நடுநடுவே நான் கொடுத்த பழைய பத்திரிகையைத் தண்ணீரில் நனைத்து மடித்து, வெறும் அந்தக் கடதாசியைக் கையில் வைத்துக்கொண்டே நெருப்பு உருண்டையைத் தடவி வளைத்தாள். கடதாசியிலிருந்து ஆவி எழும்பியது, உருண்டை தேங்காய் அளவாகி, பூசணி அளவாகி, பிறகு அவன் நெஞ்சை மறைத்தது. முற்றவெளியில் நின்ற அத்தனை பேரும் நுனிக்காலில் எழும்பிப் பார்த்தார்கள். ஒரு மனித மூச்சு வடிவம் எடுத்து நிற்பதை நான் என் எழுபத்திமூன்று வயதில் முதன்முதலாகப் பார்த்தேன். மறுநாள் காலை அடுப்பைத் திறக்கும்போது விழா முடிந்து சனமில்லை, பந்தல் கழற்றிக்கொண்டிருந்தார்கள். உருண்டை முழுதாக இருந்தது. வினோஜா கறுப்புத் தகடுகளை என்னிடமே தந்தாள். பார்த்தேன். ஒரு நிறமும் இல்லை, இருட்டு மட்டும்தான். அந்த ஒன்றுமில்லாததைப் பார்த்து என் கண் கலங்கியது. பிறகு அதில் தண்ணீர் நிரப்பிக் கம்பத்தில் தொங்கவிட்டார்கள். கோட்டையும் மணிக்கூட்டுக் கோபுரமும் நாங்களும் எல்லாம் அதற்குள் தலைகீழாக நின்றோம், பள்ளிவாசல் எது கோயில் எது என்று நான் தேடித் தேடிப் பார்த்தேன். ஜெரிசன் பக்கத்தில் வந்து, "நானா, வடிவாப் பாருங்கோ, உப்புக் கிப்புத் தெரியுதோ" என்றான். எனக்குச் சிரிப்பு வந்தது, ஆனால் அவனுக்கு முன்னால் நான் சிரிக்கவில்லை. மாதத் தொடக்கத்திலிருந்து அவன் காங்கேசன்துறையில் வேலை செய்கிறான்.

ஆகவே மகள், நான் புத்தளத்துக்குப் போகவில்லை. அந்த வீடியோவை அழிக்கச் சொல்லி யாரிடமும் கேட்கவும் மாட்டேன், நீயும் கேட்காதே. இனி உன் வீட்டில் யாராவது சிரித்து, உன் வாப்பா பிழை விட்டவராமே என்று கேட்டால், நீ தலையைக் குனியாதே. ஓம், விட்டவர், விட்ட இடத்திலேயே நின்று சொன்னவர், நீங்கள் எங்கே சொன்னீர்கள் என்று திருப்பிக் கேள்.

நோன்புக்கு இன்னும் ஒன்பது நாள்தான். சகருக்கு எழும்பாமல் வெறும் வயிற்றோடு வேலைக்குப் போகிற பழக்கத்தை இந்த வருடமாவது விடு. பிள்ளைகளோடு தமிழில் கதை. இன்னொன்று, அங்கே அடுப்புக்குள் வைக்கிற கண்ணாடித் தட்டு உங்கள் குசினியிலும் இருக்கும், அது உடைந்தால் போத்தல் சேர்க்கிற பெட்டிக்குள் போட்டுவிடாதே, வேறாகக் கட்டிப் போடு, நிஸாமுக்கும் சொல். அல்லாஹ் உங்கள் எல்லாருக்கும் நீண்ட ஆயுளையும் நேரான நாக்கையும் தருவானாக. உம்மா தனியாக ஸலாம் சொல்லச் சொன்னாள், கோபம் ஆறினால் அவளோடாவது கதை.

வஸ்ஸலாம்.

என்றும் உன் நலம் கேட்கும்
வாப்பா,
மு. ஹமீத்